முடிந்த பொருளுக்கு முழுப் பக்கம், சிக்கலான இடத்துக்கு ஒரு மூலையா?

கைவேலை, பொழுதுபோக்கு இதழ்களின் ஆசிரியர்களுக்கும் பக்கம் வடிவமைக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மரவேலை, மின்னணுவியல், தையல், காகித மடிப்பு, மாதிரி விமானம் என்று எந்தத் துறை இதழாக இருந்தாலும் வாசகர் முதலில் தேடிப் போவது செய்முறைக் கட்டுரையைத்தான். நான் அவற்றைப் படிக்கிறவன். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறவன். அவ்வப்போது எழுதி அனுப்புகிறவனும்கூட. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன். படத்துக்கு எவ்வளவு இடம், எழுத்துக்கு எவ்வளவு இடம் என்பதை, பக்கம் பார்க்க எப்படி இருக்கும் என்பதை வைத்தே முடிவு செய்கிறீர்கள். செய்கிறவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான வாதம்.

மூலைகளில் டவ்டெயில் இணைப்பு (புறா வால் வடிவப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் இணைப்பு) உள்ள ஒரு சின்ன மரப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கக் கட்டுரை. முதல் பக்கம் முழுக்க முடிந்த பெட்டி. ஜன்னல் வெளிச்சம், பின்னால் மங்கலாக ஒரு செடி. இரண்டாம் பக்கத்தில் உளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் வரிசையாக அடுக்கிய படம். (மரவேலை இதழ் வாங்குகிறவர் உளியைப் பார்த்ததில்லையா என்ன?) மூன்றாம் பக்கத்தில்தான் வேலை தொடங்குகிறது. ஒரு பலகையில் வால் வடிவங்களை அறுத்து முடித்த பிறகு, அதை இன்னொரு பலகையின் முனைமேல் படுக்க வைத்து, கத்தி நுனியால் அந்த உருவத்தைக் கோடாக இறக்க வேண்டும். அப்புறம் ரம்பம் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? கழிவாகப் போகிற பக்கம். கோடு பலகையிலேயே மிஞ்ச வேண்டும். மறுபக்கம் அறுத்துவிட்டால் ரம்பத் தகட்டின் கனத்துக்கு ஒரு இடைவெளி விழும். எவ்வளவு பசை போட்டாலும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மொத்தக் கட்டுரையும் நிற்பது இந்த ஒரு மில்லிமீட்டர் விவகாரத்தில். அதற்குக் கிடைப்பது தபால்தலை அளவில் ஒரு படம். அதன் கீழே "ரம்பத்தால் அறுத்தல்" என்று ஒரு வரி.

முடிந்த பொருளின் பெரிய படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் செய்ய ஆசை வருகிறது. ஆனால் ஆசையைத் தூண்ட அரைப் பக்கம் போதும். மீதி அரைப் பக்கத்தில் அந்தக் கோட்டையும் ரம்பத்தையும் பக்கத்தில் போய் எடுத்த படத்தைப் போடலாம். கழிவுப் பகுதியைப் பென்சிலால் கோடு கோடாக நிரப்பிக் காட்டலாம். அதன் அருகிலேயே, தவறான பக்கம் அறுத்தால் மூலை எப்படி இருக்கும் என்றும் ஒரு படம் போடலாம். சரியாக வந்ததை மட்டும் காட்டுவது நம் இதழ்களின் பழக்கம். தவறாக வந்தது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தன் கையில் இருப்பது சரியா என்று வாசகரால் முடிவு செய்ய முடியும்.

எதைப் படத்திடம் விடுவது, எதை எழுத்திடம் விடுவது என்பதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் கோட்டை விடுகின்றன. கை எங்கே இருக்கிறது, எது எதன்மேல் படுகிறது, எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் படம் ஒரு நொடியில் சொல்லிவிடும். ஒரு முடிச்சை எழுத்தில் மட்டும் விளக்கிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்திலேயே எந்த நுனி எந்த வளையத்துக்குள் போனது என்று எழுதியவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் நேரம், அழுத்தம், சூடு, சத்தம், கையில் தெரியும் இழுப்பு எதுவும் படத்தில் விழாது. 120 எண் உப்புத்தாளும் 220 எண் உப்புத்தாளும் புகைப்படத்தில் அண்ணன் தம்பிதான். 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டையும் 3.5 மில்லிமீட்டர் பிட்டையும் எந்த கேமராவும் பிரித்துக் காட்டாது. மரப்பசை தடவிய பலகைகளை கிளாம்ப் போட்டு இறுக்கும் படத்தில் கிளாம்ப் தெரியும்; எவ்வளவு இறுக்குவது என்பது தெரியாது. இணைப்பு நெடுகிலும் பசை சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கி வந்தால் போதும், ஒழுகினால் அதிகம், எதுவுமே வராவிட்டால் குறைவு என்று இரண்டு வரி எழுதினால் தெரியும். அந்த இரண்டு வரியைத்தான் "இடம் போதவில்லை" என்று வெட்டுகிறீர்கள்.

இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும் என்ற இடங்களும் உண்டு. மின்னணு வேலையில் சால்டரிங்கை, அதாவது சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கிப் பாகங்களை இணைப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். நன்றாகப் பிடித்த இணைப்பு பளபளவென்று இருக்கும். மங்கலாக, திட்டுத்திட்டாக இருந்தால் சூடு போதவில்லை, அல்லது ஆறும்போது அசைந்துவிட்டது என்று பொருள். தகரம், வெள்ளி, செம்பு கலந்த ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியை ஒட்டி உருகும். அதில் நல்ல இணைப்பே சற்று மங்கலாகத்தான் இருக்கும். ஆக, பளபளக்கும் இணைப்பின் படத்தைப் போட்டு "இப்படி வர வேண்டும்" என்று மட்டும் எழுதினால், ஈயமில்லாத சால்டர் வைத்திருப்பவர் நல்ல இணைப்பைப் பிரித்துப் பிரித்து மறுபடி சூடேற்றி, கடைசியில் மின்சுற்றுப் பலகையில் இருக்கும் செம்புப் பட்டையையே உரித்துவிடுவார். எந்த சால்டர் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். படம் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னது.

படம் மட்டுமே போதும் என்று வாதிடுகிறவர்கள் லெகோ என்ற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளின் கையேட்டைக் காட்டுவார்கள். ஒரு சொல்கூட இல்லாமல் ஒரு குழந்தை கப்பலைக் கட்டி முடிக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஏன் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் கட்டைகள் எல்லாம் ஒரே அளவுக் கணக்கில் அச்சில் வார்க்கப்பட்டவை. அளக்க வேண்டாம், ஒட்டி உலர விட வேண்டாம், இன்னும் கொஞ்சம் இழைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். சரியான இடத்தில் அழுத்தினால் பொருந்தும். முடிவெடுக்க வேண்டிய இடங்களை எல்லாம் தொழிற்சாலையே முடித்து அனுப்பிவிட்டது; அதனால் எழுத்துக்கு அங்கே வேலையில்லை. மரமும் நூலும் களிமண்ணும் அப்படியா? ஒவ்வொரு பலகையின் ரேகையும் ஒவ்வொரு விதம். செய்கிறவர் முடிவெடுக்க வேண்டிய இடம் எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்தில் எழுத்து தேவைப்படும்.

மறுபக்கம், படத்தையும் எழுத்தையும் பிரித்து வைக்கும் பழக்கமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தீதரோ முன்னின்று தொகுத்த கலைக்களஞ்சியம் கைத்தொழில்களுக்குக் கொடுத்த மரியாதையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1751 முதல் 1765 வரை 17 தொகுதிகள் எழுத்து. 1762 முதல் 1772 வரை 11 தொகுதிகள் படம். படத்தாள்கள் பலவற்றில் மேலே பட்டறையின் காட்சி, யார் எங்கே நின்று என்ன செய்கிறார் என்பது. கீழே அங்கே இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எழுத்துக் குறியோடு. முழுக் காட்சியையும் நுணுக்கத்தையும் ஒரே தாளில் வைத்த அந்த யோசனையை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டுரை ஒரு தொகுதியிலும் அதற்கான படம் வேறொரு தொகுதியிலும் கிடந்தன. அன்றைய அச்சு முறையில் செப்புத் தகட்டுப் படங்களைத் தனியாகத்தான் அடிக்க வேண்டியிருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. படமும் எழுத்தும் ஒரே கோப்பில் ஒரே திரையில் கிடக்கும் இந்தக் காலத்தில், ஆறாம் படிக்கான விளக்கம் ஒரு பக்கத்திலும் ஆறாம் படம் அடுத்த தாளின் பின்பக்கத்திலும் வந்தால் யாரைக் குறை சொல்வது?

இது வெறும் எரிச்சல் மட்டுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பால் சாண்ட்லர், ஜான் ஸ்வெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள், மின் வேலை பழகுகிறவர்களை வைத்துச் செய்முறைக் குறிப்புகளைச் சோதித்தார்கள். படம் ஓரிடம், விளக்கம் ஓரிடம் என்று பிரிந்திருந்தால், ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தேடுவதில் கவனம் செலவாகிப்போகிறது. விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே உரிய இடத்தில் வைத்தால் நன்றாகப் புரிகிறது என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வுகளில் இன்னொன்றும் வெளிவந்தது, அதை நம் இதழ்கள் கவனிப்பதே இல்லை. படமே தானாகப் புரிகிற இடத்தில், அதையே மறுபடி எழுத்தில் சொன்னால் உதவி குறைகிறது. அதாவது "படத்தில் காட்டியபடி வலது கையால் ஊசியைப் பிடித்து இடது கையால் துணியைப் பிடித்துக்கொள்ளவும்" என்ற வகை வாக்கியங்கள் வெறும் இட அடைப்பு. அவற்றை எடுத்தாலே நீங்கள் தேடுகிற இடம் கிடைத்துவிடும்.

படவிளக்க வரிகளுக்கும் இதே கணக்குத்தான். "பசை தடவுதல்", "நூலைக் கோர்த்தல்" என்று படத்தில் தெரிவதையே கீழே எழுதி என்ன பயன்? பக்கத்தைப் புரட்டுகிறவர் கட்டுரையைப் படிக்காவிட்டாலும் படத்தின் கீழே உள்ள வரியைப் படிப்பார். அங்கே படத்தில் தெரியாததைச் சொல்லுங்கள்: "விரல் பட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது, அந்தப் பதத்தில் அடுத்த தாளை வையுங்கள்."

புகைப்படமா கோட்டுப்படமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. கைப்பேசி கையில் இருப்பதால் எல்லாமே புகைப்படமாகிவிட்டது. காகித மடிப்புக்காரர்களைப் பாருங்கள். ஜப்பானிய மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிஸாவா 1954-ல் வெளியிட்ட குறியீட்டு முறை, பிறகு 1960-களில் சாமுவேல் ராண்ட்லெட், ராபர்ட் ஹார்பின் போன்றவர்கள் கையில் இன்னும் செழித்து, உலகம் முழுக்கப் பொதுவாகிவிட்டது. வெறும் சிறுகோடுகளால் ஆன வரி என்றால் உள்பக்கமாக மடி. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் வெளிப்பக்கமாக மடி. அம்புக்குறி எந்தத் திசை என்று சொல்லும். மொழி தெரியாத நாட்டில் அச்சான வரைபடத்தை வைத்துக்கொண்டு பறவை மடிக்கலாம். புகைப்படத்தில் மடிப்பு தெரியும், மடிக்கப் போகிற கோடு தெரியாது. புகைப்படம் கண்முன் இருப்பதை எல்லாம் காட்டும், விரல், நிழல், மேசை விரிப்பின் பூ வரை. கோட்டுப்படம் தேவையில்லாததை விட்டுவிடும். அளவுகள், துளைகளின் இடம், உள்ளே மறைந்திருக்கும் இணைப்பு, பாகங்கள் பொருந்தும் வரிசை இவற்றுக்கெல்லாம் பென்சிலால் போட்ட சுமாரான ஒரு வரைபடம் நல்ல புகைப்படத்தைவிட மேல். பிசிறில்லாமல் வரையத் தெரிந்த ஒருவரை இதழுக்கு என்று வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

அச்சில் படம் என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். திரையில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த நிறங்கள் தாளில் நான்கு மைகளாக இறங்கும்போது அடங்கிப்போகின்றன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டரின் மேல், அதன் மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகளைச் சொல்கிறேன். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10,000 ஓம். அச்சில் அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகிவிட்டால் மதிப்பு பத்து மடங்கு மாறிப்போகும். மின்சுற்று வேலை செய்யவில்லை என்று வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதற்கு மேல், வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற மக்களிடையே சற்றுக் குறைவு, ஆனால் எங்கும் இருக்கிறார்கள். ஆகவே "சிவப்பு ஒயரை இங்கே இணைக்கவும்" என்று படத்தை நம்பி எழுதாதீர்கள். மதிப்பை எண்ணாக எழுதுங்கள், ஒயருக்கு எழுத்துக் குறி கொடுங்கள்.

வழுவழுப்பில்லாத தாளில் மைப்புள்ளிகள் பரவும். படத்தின் இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் திட்டாகிவிடும். கருநீல நூலில் குரோஷே போட்டு, ஒவ்வொரு படியையும் அதே நூலில் படம் எடுத்து வெளியிட்டால் பின்னலின் ஒரு கண்ணிகூடத் தெரியாது. முடிந்த பொருள் எந்த நிறமாகவும் இருக்கட்டும். விளக்கப் படங்களை மட்டும் வெளிர் நிறத் தடித்த நூலில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இப்போது போடுகிற கண்ணியை வேறு நிறத்தில் போட்டால் இன்னும் தெளிவு. ஒளியை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் எம்பிராய்டரியின் மேடு பள்ளமும், இழைப்புளி விட்ட தடமும் எழுந்து நிற்கும். கேமரா செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரில் நின்று எடுத்தால் இடம் வலமாகிறது. வாசகர் ஒவ்வொரு படத்தையும் மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அளவு பற்றிய கணக்கு சுலபம்: அங்குலத்துக்கு 300 பிக்சல். நான்கு அங்குல அகலத்தில் வர வேண்டிய படத்துக்கு 1,200 பிக்சல் வேண்டும். மெசேஜ் செயலிகளில் படமாக அனுப்பினால் பெரும்பாலும் சுருங்கித்தான் வந்து சேரும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வடிவமைப்பாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. படத்தை வெட்டும்போது எழுதியவரை ஒரு தடவை கேளுங்கள். உளியைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட நான் அனுப்பிய படத்தில், ஒரு இதழில் உளியை வைத்துக்கொண்டு கையை வெட்டிவிட்டார்கள். கை இருந்த இடத்தில் அழகான வெள்ளை இடம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது! அதேபோல இரண்டு பக்கத்துக்கும் விரியும் படத்தில் முக்கியமான நுணுக்கம் நடு மடிப்புக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. "மேலே உள்ள படத்தில்" என்று கட்டுரையில் இருக்க, லேஅவுட்டில் அந்தப் படம் கீழே போய்விடுகிறது. படங்களுக்கு எண் கொடுத்து, எழுத்தில் அந்த எண்ணையே குறித்தால் படம் எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை.

பக்கம் திருப்பும் இடத்தையும் பாருங்கள். எங்கள் கையில் பசை இருக்கும், களிமண் இருக்கும், சூடான சால்டரிங் அயர்ன் இருக்கும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவிய பிறகு பலகைகளைச் சரி செய்ய வகைக்குத் தக்கபடி சில நிமிடங்கள்தான் கிடைக்கும். தடவுவது இந்தப் பக்கம், பொருத்துவது அடுத்த தாளின் பின்பக்கம் என்று பிரித்தால் நாங்கள் முழங்கையால் இதழைத் திருப்ப வேண்டியிருக்கிறது. கை ஓயாத வேலைகள் எல்லாம் திறந்து வைத்த இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். இதழை ஒரு கை தூரத்தில் மேசையில் வைத்துத்தான் பார்ப்போம் என்பதால், படவிளக்க எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்காமலும் இருந்தால் புண்ணியம்.

இடமில்லை என்பீர்கள். நடுவில் பின் அடித்த இதழில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், ஒரு பக்கம் வேண்டும் என்றால் நான்கு பக்கம் சேர்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் கூடுதல் பக்கம் கேட்கவில்லை. கருவிகளை அடுக்கி வைத்த படம், செய்தவர் புன்னகைக்கும் படம், ஒரே நிலையை இரண்டு கோணத்தில் காட்டும் படங்கள், படத்தில் தெரிவதையே திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள், பொழுதுபோக்கின் பெருமையைப் பாடும் முதல் மூன்று பத்திகள் — இவற்றிலிருந்து எடுத்துச் சிக்கலான இடத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். இன்னொரு மறுப்பும் வரும்: எல்லாம்தான் வீடியோவில் இருக்கிறதே என்று. இருக்கட்டும். அசைவைக் காட்ட வீடியோவை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் பசைக் கையோடு அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த ஒரு நொடியைப் பிடித்து வைத்துப் பார்க்க முயன்றவர்களுக்குத் தெரியும் அச்சுப் பக்கத்தின் அருமை. பக்கம் அசையாமல் நிற்கும். வேண்டிய இடத்தில் கண்ணை வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்குப் போகும் முன் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. எழுத்தை மறைத்து, படங்களை மட்டும் அந்த வேலையைச் செய்தறியாத ஒருவரிடம் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே சொல்லத் தெரியாமல் நிற்கிறாரோ அங்கே படம் போதவில்லை, அல்லது எழுத்து வேண்டியிருக்கிறது. பிறகு படங்களை மறைத்து எழுத்தை மட்டும் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் கையைக் காற்றில் அசைத்துப் பார்க்கத் தொடங்கும் இடம் எதுவோ அதுதான் படம் தேவைப்படும் இடம். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், காவலர், யாராக இருந்தாலும் சரி. அந்தத் துறையில் தேர்ந்தவரிடம் மட்டும் காட்டாதீர்கள். அவர் விடுபட்டதைத் தானே நிரப்பிப் படித்துவிடுவார்.

கடைசியாக, எழுதி அனுப்புகிறவர்களுக்கு நீங்கள் தரும் குறிப்பைப் பற்றி. அதில் எத்தனை சொற்கள், எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். "செய்கிறவர் தடுமாறக்கூடிய இடங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் படமா, வரைபடமா, எழுத்தா?" என்ற கேள்வியையும் அதில் சேர்த்துவிடுங்கள். அதை வேலை தொடங்கும் முன்பே அனுப்புங்கள், கட்டுரை வந்த பிறகு அல்ல. பசை காய்ந்த பெட்டியின் உள் இணைப்பை மறுபடி படம் எடுக்க வழியில்லை, "ஐந்தாம் படிக்கு இன்னும் பக்கத்தில் எடுத்த படம் இருக்கிறதா?" என்று அப்போது கேட்டால், இன்னொரு பெட்டி செய்ய வேண்டியதுதான். நான் அடுத்து அனுப்பும் கட்டுரையோடு அந்தப் பட்டியலையும் சேர்த்தே அனுப்புவதாக இருக்கிறேன், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அன்புடன்,
பக்கத்தைத் திறந்து வைத்துச் செய்து பார்க்கும் ஒரு வாசகன்